மூன்று தலைமுறைக்கு ஓர் அடுக்களை



வீட்டின் முன்கட்டுக்கு எந்த வண்ணம் பூசலாம் என்று பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். விருந்தினர் அமரும் கூடத்துக்குத் திரைச்சீலை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் நம் ஆயுளில் பாதி கழிகின்ற அடுக்களையை மட்டும் கொத்தனாரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மதரஸாவில் என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து பேசும்போது, இடுப்புவலி, முழங்கால்வலி, கண்ணெரிச்சல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்த நோய்களுள் சரிபாதி அடுக்களையில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டு அடுக்களையைச் சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு மாற்றிக் கட்டினோம். நான் கட்டடக் கலை பயின்றவள் அல்லள். தமிழ் இலக்கியத்தில் பி.ஏ. படித்து மதரஸாவில் பாடம் நடத்துபவள். ஆயினும், அந்த நான்கு மாதங்களில் நாங்கள் எதை எதை எண்ணினோம், எதற்காக ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொண்டோம் என்பதைச் சொன்னால், வீடு கட்டும் எண்ணத்தில் இருக்கும் சகோதரி ஒருத்திக்கேனும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் திருமணமான பெண் கணவன் வீட்டுக்குச் செல்வதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. ஆகவே எங்கள் காயல்பட்டினத்து வீட்டின் அடுக்களை என் உம்மாவுக்கு அவர்களுடைய உம்மாவிடமிருந்து வந்தது. இன்று அது என் பொறுப்பில் இருக்கிறது. நாளை, இன்ஷா அல்லாஹ், என் மகளுடையதாகும். உம்மாவுக்கு வயது 74. எனக்கு 46. மகளுக்கு 21. மூவரும் அதே அடுப்பைச் சுற்றித்தான் நிற்கிறோம். மாமியார் மருமகள் மனத்தாங்கலுக்கு எங்கள் வீடுகளில் இடம் குறைவு என்று வெளியூர்ச் சகோதரிகள் சொல்வார்கள். தாய்க்கும் மகளுக்கும் இடையே வரும் மனத்தாங்கலை அவர்கள் அறியமாட்டார்கள்!

மாற்றிக் கட்டவேண்டிய நிர்ப்பந்தம் மழையால் வந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழையை எங்கள் ஊரார் உயிருள்ளவரை மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் எங்கள் பகுதியில் பெய்கின்ற மழையைவிட அது அதிகம். வீட்டின் தரை பின்பக்கம் தாழ்ந்து போவதால், அடுக்களையில்தான் தண்ணீர் முதலில் ஏறியது. முழங்கால் அளவு நின்றது. அரிசிப் பானையும் மாவுத் தகரமும் மிதந்தன. எரிவாயு உருளைகூடச் சாய்ந்து மிதந்தது. அந்த இரும்பு உருளை மிதக்குமா என்று நீங்கள் வியக்கலாம். அதன் கனத்தைவிட அது விலக்கும் நீரின் கனம் அதிகம், ஆகவே மிதக்கும். ரப்பர் குழாய் இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும் முன்பே என் கணவர் வால்வை அடைத்துவிட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்.

தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், மேடைக்குக் கீழிருந்த பலகை அலமாரிகள் நீரில் ஊறிய ரொட்டியைப் போல் உப்பிக் கிடந்தன. சுவரில் மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்தது. குளிர்பதனப் பெட்டி செயலற்றுப் போயிற்று. இனிச் சில்லறைப் பழுது பார்த்துப் பயனில்லை என்று அப்போதே முடிவாயிற்று.

மழை ஒரு காரணம் என்றால், உம்மாவின் இருமல் அதற்கும் முன்பே இருந்த காரணம். எங்கள் பழைய அடுக்களைக்கு நாட்டு ஓட்டுக் கூரை இருந்தது. உடைமர விறகும் தென்னம்பாளையும் சிரட்டையும் எரியும் புகை ஓட்டின் இடுக்குகள் வழியே தானாகவே வெளியேறிவிடும். 1994ஆம் ஆண்டில் வாப்பா அவர்கள் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் தளம் போட்டார்கள். ஊரெல்லாம் அப்படித்தான் செய்து கொண்டிருந்த காலம் அது. தளம் வந்ததும் ஒழுகல் நின்றது. புகை போக வழியும் நின்றது. ஒரு சிறு ஜன்னல் போதும் என்று விட்டுவிட்டார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின்னும் சோறு வடிப்பதற்கும் வெந்நீருக்கும் விறகடுப்பையே உம்மா விடாமல் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி போன்றவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சிகரெட்டின் தீமையை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். உம்மாவின் நெஞ்சில் 60 ஆண்டுகளாகப் படிந்த புகைக்கு எந்தப் பெட்டியின் மேலும் எச்சரிக்கை அச்சிடப்படவில்லை.

சகோதரிகளே! இப்போது நகரத்துக் கடையின் கதைக்கு வருகிறேன். என் மகள் விரும்பியதால், ஆயத்த அடுக்களை செய்து தரும் ஒரு கடைக்காரரை வரவழைத்தோம். பெயர் எதற்கு? அளவெடுக்க வந்த இளைஞர் மரியாதையானவர். பத்தே நிமிடத்தில் நான்கு சுவரையும் அளந்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கணினியில் வரைந்த வண்ணப் படம் வந்தது. கண்ணைப் பறிக்கும் படம்தான்! மகள் அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தோழியருக்கெல்லாம் காட்டினாள். விலை 4 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் என்று போட்டிருந்தார்கள்.

படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அதில் பின்வாசல் இல்லை! பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் ஆறடி நீளத்துக்கு மேடை கூடுதலாகக் கிடைக்கும், குளிர்பதனப் பெட்டிக்கும் இடமாகும் என்று விளக்கம் சொன்னார்கள். கணக்குப்படி அது சரிதான்.

ஆனால் அந்தப் பின்வாசல் எங்களுக்கு என்னவென்று அந்த இளைஞருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடந்து போவதற்கென்றே முடுக்குகள் உண்டு. தெருவுக்குப் போகாமலே நாலு வீடு தள்ளியிருக்கும் உறவினரைப் பார்த்துவிட்டு வரலாம். எங்கள் வீட்டுக்கு வரும் பெண்களில் பத்தில் எட்டுப் பேர் முன்வாசல் பக்கமே வருவதில்லை. முடுக்கு வழியாக நேரே அடுக்களைக்குள் வந்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பேறுகாலச் செய்தி, சீட்டுப் பணம், மையித்து வீட்டுக்குச் சோறு சமைக்கும் ஏற்பாடு எல்லாம் அங்கேதான் பேசப்படும். உம்மாவுக்கு இப்போது வெளியே நடக்க முடியாது. ஊர் உம்மாவிடம் வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

படத்தைப் பார்த்த உம்மா வேறெதுவும் சொல்லவில்லை. "இந்த வாசலை அடைச்சிட்டா என்னைத் தேடி யாரும்மா வருவா?" என்று மட்டும் கேட்டார்கள். மகள் பதில் பேசவில்லை. அன்றிரவு அவளே என்னிடம் வந்து, "அந்தப் படம் வேண்டாம் உம்மா" என்றாள். வாசல் நின்றது, கடைக்காரருக்கு வேண்டாமென்று சொல்லியனுப்பினோம். உள்ளூர்க் கொத்தனாரையும் ஆசாரியையும் வைத்தே செய்வது என்று தீர்மானமாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. இன்று உலகெங்கும் காணப்படும் மேடை, தொட்டி, அலமாரி அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்த அடுக்களைக்கு முன்னோடி, 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தது. வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதை அமைத்தார்கள். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், ரயில் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஓரடிகூட வீணாக நடக்காதவாறு அமைத்தார். தமக்குச் சமைக்கவே தெரியாது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் நான்கடிக்குக் குறையாமலும் ஒன்பதடிக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்று விதி வகுத்தார்கள். நல்ல விதிதான், நாங்களும் அதைப் பின்பற்றினோம். ஆனால் இவையெல்லாம் ஒரே ஒரு பெண் தனியாக நின்று சமைக்கும் அடுக்களைக்காக எண்ணப்பட்டவை. பெருநாளைக்கு முந்திய இரவு எங்கள் அடுக்களையில் ஆறு பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி தேங்காய் துருவுவாள், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். அதற்கு முக்கோணம் போதுமா? நடுவில் ஐந்தடி அகலத்துக்கு வெற்றுத்தரை வேண்டும் என்பதில் நான் உறுதியாக நின்றேன். அங்கே ஒன்றையும் வைப்பதில்லை. பாய் விரிப்பதற்கு அந்த இடம்.

இனி உயரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். ஏனெனில் இதற்குச் செலவே கிடையாது. ஆனாலும் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

"மேடை எத்தனை அங்குலம்?" என்று கொத்தனாரிடம் கேட்டேன். "எல்லா வீட்டுக்கும் 32தான் டீச்சரம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்றார். சமைக்கும் பெண்ணிடம் கேட்டிருந்தால்தானே அவள் குறை சொல்லியிருப்பாள்? நேராக நின்று கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் குறைத்தால் அதுவே காய் நறுக்குவதற்கு ஏற்ற மேடை உயரம். நாடாவை எடுத்து மூவரையும் அளந்தேன். எனக்கு முழங்கை 39 அங்குலம். மகளுக்கு 41. உம்மாவுக்கு 36. எனக்கு ஏற்ற மேடையில் உம்மா தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்யவேண்டும். உம்மாவுக்கு ஏற்ற மேடையில் மகள் கூன் விழக் குனிய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுப்பு மேடைக்கு மேல் உட்காருகிறது, அதன்மேல் சட்டி. ஆக, கிண்டும் கை மேடையைவிட எட்டு, பத்து அங்குலம் உயரே போய்விடுகிறது. பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு கிண்டிய மறுநாள் தோள்பட்டை ஏன் கடுக்கிறது என்று இப்போது விளங்குகிறதா? தொட்டியோ நேர்மாறானது, கை அதன் அடிவரை இறங்குவதால் அதன் விளிம்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரே மட்டத்தில் மேடை போடுவதில்லை என்று முடிவு செய்தோம். தொட்டிப் பகுதி 35 அங்குலம், நறுக்கும் பகுதி 34, அடுப்புப் பகுதி 30. நான்காவதாக, பின்வாசலை ஒட்டிய மூலையில் மூன்றடி நீளத்துக்கு 28 அங்குல உயரத்தில் ஒரு தனி மேடை. அதன் கீழே அலமாரி கிடையாது, கால் நீட்ட வெற்றிடம். அது உம்மாவுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, கீரை ஆய்வதும் மீன் கழுவுவதும் பூண்டு உரிப்பதும் அவர்களால் முடிகிறது. வாசலுக்குப் பக்கம் என்பதால் வருவோர் முகமும் தெரிகிறது. மட்டம் மாறி மாறி வருவது பார்வைக்கு அழகில்லை என்று கொத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தபின் தம் மனைவியை அழைத்து வந்து காட்டினார்.

தரையின் உயரம் வேறொரு சிக்கல். இன்னொரு வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, அடுக்களைத் தரையை ஒன்பது அங்குலம் உயர்த்த விரும்பினோம். ஆனால் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் இடத்தில் ஒன்பது அங்குலப் படி வந்தால் உம்மாவின் முழங்கால் தாங்குமா? உயர்த்தாவிட்டால் வெள்ளம், உயர்த்தினால் உம்மா அடுக்களைக்கே வரமுடியாது. ஒரு வாரம் இதிலேயே கழிந்தது. என் கணவர் சாய்தளம் போடலாம் என்றார்கள். ஓரங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும் என்ற கணக்குப்படி ஒன்பதடி நீளச் சாய்தளம் வந்தது, பாதிக் கூடத்தை விழுங்கிவிடும்! கடைசியில் ஐந்து அங்குலம் மட்டும் உயர்த்தி, இரண்டரை அங்குலத்தில் இரண்டு அகலப் படிகளும், சுவரில் பிடித்துக்கொள்ள ஓர் எவர்சில்வர் கம்பியும் வைத்தோம். ஐந்து அங்குலம் அந்த வெள்ளத்தைத் தடுத்திராது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே தரையைத் தண்ணீரிலிருந்து காப்பதைவிட, தண்ணீர் வந்தாலும் கெடாத பொருளால் கீழ்ப்பகுதியைச் செய்வது என்று எண்ணத்தை மாற்றிக்கொண்டோம்.

அதன்படி மேடைக்குக் கீழே ஒரு துண்டுப் பலகைகூடக் கிடையாது. கடப்பாக் கல்லைத் தட்டுகளாக நிறுத்தி, அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டோம். பலகை வேண்டும் என்போருக்கு ஒரு வார்த்தை: கொதிநீரும் தாங்கும் பலகை என்று கடையில் சொல்வது ஐ.எஸ். 710 என்ற முத்திரை உள்ளதைத்தான், ஐ.எஸ். 303 என்பது அதற்கு அடுத்த தரம். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். மேடைக்கு மேலே, தண்ணீர் எட்டாத இடத்தில் மட்டும் ஆசாரி அந்த முதல்தரப் பலகையால் இரண்டு அலமாரி செய்தார். மேடையின் மேற்பரப்புக்குக் கருப்புக் கிரானைட். பளிங்குக் கல்லும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தவை. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து மங்கிவிடும். புளியாணமும் மீன்குழம்பும் அன்றாடம் வைக்கும் வீட்டில் பளிங்கு மேடை எதற்கு? கீல்களும் திருகாணிகளும் எங்களைப் போன்ற கடலோரத்து ஊர்களில் ஈராண்டில் துருப்பிடித்துவிடும். 304 என்ற தர எண் உள்ள எவர்சில்வரைக் கேட்டு வாங்கினோம். அதுவும் உப்புக்காற்றில் புள்ளி விழும். துடைத்து வைத்தால் தாங்கும்.

எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் செய்தவை இவைதாம். எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். மேலே ஜன்னல் இருப்பதால் மட்டும் அது வெளியேறாது. ஆகவே உருளை நிற்கும் இடத்தில் தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு ஜாலி வைத்தோம். உருளையைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் பிணைத்தோம், மீண்டும் மிதக்க வேண்டாம் என்று! மின்செருகிகள் அனைத்தும் நாலரை அடி உயரத்துக்கு மேலே. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் 30 மில்லி ஆம்பியர் கருவி ஒன்றையும் பொருத்தினோம். ஈரக்கையோடு அம்மியையும் குழவியையும் தொட்ட தலைமுறை உம்மாவினுடையது. மிக்ஸியின் சொடுக்கியையும் அப்படியே தொடுவார்கள்.

விறகடுப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மருத்துவர் புகை ஆகாது என்றார். உம்மாவோ, அடுப்பை இடிப்பதென்றால் நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து இடித்துக்கொள் என்றார்கள். அது பிடிவாதம் என்று மகள் முதலில் நினைத்தாள். அவர்களுடைய உம்மா கையால் மண் குழைத்துப் போட்ட அடுப்பு அது. மேலும் எங்கள் ஊர்த் தம்மடைக்கு மேலும் கீழும் தணல் வேண்டும். கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் கிடாரம் ஏற்ற எரிவாயு அடுப்பு போதாது. உள்ளே வைக்கக் கூடாது, ஒழிக்கவும் கூடாது. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் திறந்த ஒரு சாய்ப்பு இறக்கி, அங்கே புதிதாக இரட்டை அடுப்புப் போட்டோம். இம்முறை நின்றுகொண்டு எரிக்கும் உயரத்தில், கூரைக்கு மேலே போகும் புகைபோக்கிக் குழாயுடன். பழைய அடுப்பின் மண்ணை உடைத்து, நனைத்து, புதிய அடுப்பின் பூச்சில் சேர்த்துக் குழைக்கச் சொன்னது உம்மாவின் யோசனை. அதைச் சொன்னபிறகு அவர்கள் அடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. இருமல் முற்றும் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை, இரவில் தூங்க முடிகிறது.

தொட்டி வாங்கப் போனபோது ஒரு வேடிக்கை. கடைக்குச் சஹனைத் துணியில் கட்டி எடுத்துச் சென்றேன். எங்கள் வீட்டில் நாலைந்து பேர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் சஹனின் குறுக்களவு 22 அங்குலம். கடையிலிருந்த எந்தத் தொட்டியிலும் அது படுக்கவில்லை. விற்பனையாளர் சிரித்தார். கடைசியில் உள்ளே சாதாரணத் தொட்டி ஒன்றும், பின்வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் முட்டிவரை உயர்த்திய நாலடிக் கழுவுமேடை ஒன்றும் கட்டினோம். சஹனும் தேக்சாவும் அங்கே. குனிந்து தரையில் வைத்துக் கழுவும் துன்பம் போயிற்று.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும் அல்லவா? மொத்தம் 2 இலட்சத்து 35 ஆயிரம் ஆயிற்று. என் கணவரின் சேமிப்பு, நான் சேர்ந்திருந்த பெண்கள் சீட்டு (தள்ளுபடியும் ஏலமும் இல்லாத குலுக்கல் சீட்டு), இவையிரண்டும் முக்கால் பங்குக்கு வந்தன. வங்கிக் கடனுக்கு வட்டி உண்டு. அது எங்களுக்கு ஆகாது. அப்போது ஒருவர், "இது வட்டியே இல்லாத தவணை, பூஜ்ய சதவீதம்" என்று ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தார். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, அதை வேறு கட்டணத்தில் மறைத்து வாங்குகிறார்கள் என்று 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தாளை வாங்கிப் படித்தோம். பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை இருந்தது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உம்மா தம் வளையலைக் கழற்றித் தந்தார்கள். அதையும் வாங்கவில்லை. மீதிக் கால் பங்குக்கு, வேலையைக் குறைத்துக்கொண்டோம். மின் புகைபோக்கி வாங்கவில்லை; அதற்குரிய துவாரத்தை மட்டும் சுவரில் விட்டு, இப்போதைக்கு ஒரு வெளியேற்று விசிறி. ஒரு சுவர் முழுவதற்கும் அலமாரி இல்லை.

வேலை நடந்த 47 நாட்களும் கூடத்தின் ஒரு மூலையில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தோம். கொத்தனார் சிமெண்டுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றார், அவசரப்படுத்தாமல் பொறுத்தோம். நான் மதரஸா விட்டு வரும்போது வீடெல்லாம் சிமெண்டுத் தூசி. அந்நாட்களில் முடுக்கு வழியே இடியாப்பமும் கறியும் ஆணமும் வந்த வண்ணம் இருந்தன. யார் வீட்டுப் பாத்திரம் யாருடையது என்று பிரித்துத் திருப்பிக் கொடுக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

2024 ஐப்பசிக்கு முன்பே அடுக்களைக்குக் குடிபோய்விட்டோம். மறு ஆண்டு ரமலானில் ஸஹருக்கு எழுந்தபோது, எனக்கு முன்பே உம்மா தம் மூலை மேடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு மேலே அவர்களுக்கென்று தனியாக ஒரு விளக்குப் போட்டிருந்தோம். கண் மங்கியவர்களுக்கு நிழல் விழாத வெளிச்சம் வேண்டும்.

மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருக்கிறது. வெறுமையாக விட்ட அந்தச் சுவரில் என்ன செய்யலாம் என்று அவளிடம் கேட்டோம். ஒரு நாள் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி என்கிறாள். மறுநாள் ஒரு மேசை போட்டுப் படிக்க வேண்டும் என்கிறாள். உம்மா, கிடாரத்தைக் கவிழ்த்து வைக்க ஒரு திண்டு போதும் என்கிறார்கள். ஆசாரி இரண்டு முறை வந்து அளவு கேட்டுவிட்டுப் போனார். சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.